கரும்பாறையில் இல்லாத டார்வின்

“பெட்ரோல் எவ்வளவு இருக்கு?”

“ரெண்டு டேங்க் ஃபுல்லுண்ணே. ஸ்பேர் கேன் ஒண்ணு.”

“குடிக்கத் தண்ணி?”

“நாலு கேன்.”

“பின்னே எதுக்குடே இன்னும் கரையில நிக்கோம்? தள்ளு!”

வெள்ளிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். மூன்று பேர் சேர்ந்து தள்ளியதில் படகு மணலை அரைத்துக்கொண்டு போய்த் தண்ணீரைத் தொட்டது. இரட்டை எஞ்சின் உறுமியது. பின்னால் பாலைவனம், முன்னால் அரபிக்கடல், நடுவில் இருபது வீடுகள். அரபுத் தீபகற்பத்தின் அந்த மூலையில் கிடந்த ராஸ் சுஹைலா கிராமம் மெல்லப் பின்னுக்குப் போயிற்று.

கேள்வி கேட்டவர் எட்வின், குளச்சல்காரர். நானூறு கிலோமீட்டர் தெற்கே ஒரு துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர். தம்பி டார்வினைக் கடலில் காணவில்லை என்ற செய்தி கிடைத்ததும் ஜீப்பை எடுத்தவர், வழியில் ஒரு டீகூடக் குடிக்காமல் வந்து சேர்ந்திருந்தார்.

பதில் சொன்னவன் தீனதயாளன். தீனா என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். பெரம்பூர் பையன், வயது இருபத்தைந்து. ராஸ் சுஹைலாவில் இருக்கும் தூண்டில் முகாமில் அவன்தான் வயர்லெஸ், அவன்தான் முன்பதிவு, அவன்தான் பஞ்சர் ஒட்டுகிறவன். உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் தூண்டில் பைத்தியங்கள் அந்த முகாமுக்கு வருவார்கள். அரை மணி நேரம் போராடி ஆள் உயரத்துக்கு மீன் பிடிப்பார்கள், கட்டிப்பிடித்துப் படம் எடுப்பார்கள், மறுபடியும் கடலிலேயே விட்டுவிடுவார்கள்! பிடித்த மீனைக் குழம்பு வைக்காமல் விடுகிற மனிதர்களைத் தீனாவால் இன்று வரை புரிந்துகொள்ள முடியவில்லை.

அந்தப் பைத்தியங்களில் ஒருவர்தான் படகில் இருந்த மூன்றாவது ஆள். டாக்டர் ஜுலைகா, சொந்த ஊர் கீழக்கரை, மஸ்கட்டில் பல் டாக்டர். வாரம் முழுவதும் பல் பிடுங்கிவிட்டு, லீவு கிடைத்தால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு பாலைவனத்தைத் தாண்டி வந்துவிடுவார். இந்த முறை மீன் பிடிக்கத்தான் வந்தார். விஷயம் தெரிந்ததும், “எனக்கு மீன் காட்டத்தானே அவன் போனான்? நானும் வர்றேன்” என்று படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

உண்மைதான். புதன்கிழமை மத்தியானம், வார இறுதி விருந்தினருக்காக மீன் எங்கே நிற்கிறது என்று பார்க்க, முகாமின் வழிகாட்டி டார்வின் சின்னப் படகில் தனியாகப் போனான். மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு வயர்லெஸ்ஸில் ஒரே ஒரு தடவை பேசினான். அப்புறம் சத்தமே இல்லை; வயர்லெஸ் பேட்டரியும் செத்துப்போயிருக்க வேண்டும். அவன் கையில் இருந்தது பத்து லிட்டர் தண்ணீர். அடிக்கிற வெயிலுக்கு அது இரண்டு நாளைக்குத்தான் வரும். இரண்டாவது நாள் இன்றோடு முடிகிறது!

அந்தப் பேச்சைக் கேட்டு நோட்டில் எழுதி வைத்தவன் தீனா: “மாலை 4.10. டார்வின். எஞ்சின் நின்னுபோச்சு. கரும்பாறைகிட்ட நிக்கிறார்.”

கரும்பாறை என்று முகாம் தமிழர்கள் கூப்பிடுவது எல்லோருக்கும் தெரிந்த இடம். வடக்கே பன்னிரண்டு கிலோமீட்டரில், கடலுக்குள் கறுப்பாக எழுந்து நிற்கும். முகாம் முதலாளி காமிஸும் ரோந்துப் படகுகளும் நேற்று முழுவதும் அங்கே தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. நீரோட்டம் இழுத்துப் போயிருக்கும் என்று இன்று இன்னும் வடக்கே போயிருந்தார்கள்.

“எனக்கு அந்தப் பாறைய எனக்க கண்ணால பாக்கணும்” என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார் எட்வின்.

படகு கரும்பாறையை மூன்று தடவை சுற்றியது. நீர்க்காகங்கள் வரிசையாக உட்கார்ந்து இவர்களை வேடிக்கை பார்த்தன. ஒரு பலகைத் துண்டு இல்லை. ஒரு எண்ணெய்ப் படலம் இல்லை. தீனா எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். தொண்டை கிழியக் கத்தினான்.

“டார்வின் அண்ணே! டார்வின் அண்ணேய்!”

நீர்க்காகங்கள் பறந்து போயின. அவ்வளவுதான்.

எட்வின் குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீரில் இறக்கி ஆழம் பார்த்தார். முகம் சுருங்கியது. “அடி காணல்ல. இங்க நங்கூரம் போட்டா பிடிக்காது. கடலு தெரிஞ்சவன் இங்க வந்து நிப்பானா?”

“மீனும் கெடையாதே!” என்றார் ஜுலைகா. “மூணு வருசமா வர்றேன். ஒருநாள்கூட டார்வின் என்னைய இந்தப் பக்கம் கூட்டிட்டு வந்ததில்ல.”

எட்வின் மெதுவாகத் திரும்பினார். “தம்பி, அண்ணைக்கு அவன் சொன்னத ஒருக்கா சொல்லு. ஒனக்க வார்த்தையில வேண்டாம். அவனுக்க வார்த்தையில.”

தீனா கண்ணை இறுக மூடினான். இரண்டு நாளாக அவன் காதுக்குள் அதே குரல்தான் சுற்றிக்கொண்டிருந்தது. “‘லேய் தீனா, எஞ்சின் படுத்தாச்சு. கரும்பாறைகிட்ட நிக்கேன்’னாரு. அப்பறம் ‘கரும்பாறை மேல வருது’ன்னாரு. அப்பறம் ஒரே கொர்ர்ருன்னு எரைச்சல்.”

“மேல வருதா? இத ஏன் நோட்டுல எழுதல்ல?”

“அதை எதுக்குண்ணே எழுதணும்? அப்போ கடல் வத்துற நேரம். நானே சார்ட்ல பாத்தேன். தண்ணி எறங்குனா பாறை மேல தெரியும்ல?”

எட்வின் அவனையே உற்றுப் பார்த்தார். “கொஞ்சம் பையச் சொல்லு. அவன் சொன்னது பாரையா, பாறையா?”

“அதாண்ணே. பாற.”

“ரெண்டுல எதுடே?”

“ரெண்டும் ஒண்ணுதானேண்ணே?”

“ஒண்ணா!” எட்வின் படகு விளிம்பில் ஓங்கி அறைந்தார். “ஒண்ணு கல்லு! மத்தது மீனாக்கும்டே, மீனு! கல்லு எங்கயாம் மேல வருமா?”

தீனாவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பெரம்பூர் நாக்குக்கு ர-வும் ற-வும் ஒட்டிப் பிறந்த இரட்டைகள். குளச்சல் நாக்கில் அவை தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் டீச்சர் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்துக் கொடுத்த அந்த எழுத்து, இங்கே இந்த நடுக்கடலில் வந்து பழி வாங்கிவிட்டது!

விளங்கியதும் தலையில் அடித்துக்கொண்டான். இரண்டு நாள்! இத்தனை படகு, இத்தனை பேர், எல்லோரையும் ஒரு எழுத்தால் தலைகீழான திசைக்கு அனுப்பிவிட்டான். அப்படியே கடலில் குதித்துவிடலாம் போலிருந்தது.

“கரும்பாரை!” ஜுலைகா துள்ளி எழுந்தார். “யா அல்லாஹ், எனக்குத் தெரியும் அது! கறுகறுன்னு இருக்கும். போன வருசம் என் தோள்பட்டையையே கழட்டிருச்சு. ஆனா எடம்? தெக்கால போனோம், ரொம்ப தூரம். ஜிபிஎஸ் மேல துண்டைப் போட்டு மூடிட்டான் அந்தக் கள்ளன். மீன் நிக்கிற எடத்தைப் பெத்த தாய்க்குக்கூடக் காட்ட மாட்டானாம்!”

“எழுதி வைக்காம இருக்க மாட்டான்” என்றார் எட்வின். “எங்க ஊர்ல கணியம்னு சொல்லுவோம். கரையில உள்ள அடையாளம் ரெண்ட ஒண்ணுக்கு நேரா ஒண்ணு வச்சுப் பாக்கது. அப்படி ரெண்டு ஜோடி கெடச்சா, கடல்ல ஒரு புள்ளியில ஆணி அடிச்ச மாதிரி நிக்கலாம்.”

தீனாவின் தலைக்குள் ஏதோ பளிச்சென்றது. “கட்டிலுக்கு அடியில பெட்டி! அதுல ஒரு நோட்டு! சின்னப் பசங்க கிறுக்குன மாதிரி மலை, கோபுரம்னு படம் போட்டிருக்கும். தொட்டா கைய முறிச்சிருவேன்னு சொல்லியிருக்காரு.”

“நீ தொட்டியா?”

“தொட்டேண்ணே. ஒரே ஒரு வாட்டி.”

“நல்ல காரியம் செய்தடே!”

படகு திரும்பிப் பறந்தது. முகாம் தெற்கே போகிற வழியில்தான் இருந்தது. கரை தட்டும் முன்பே தீனா குதித்து ஓடினான், பெட்டியின் பூட்டைச் சுத்தியலால் உடைத்தான், நோட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மீன், அதன் கீழே இரண்டு படம். பதினோராம் பக்கத்தில் பென்சிலால் அழுத்தி அழுத்திக் கறுப்படித்த ஒரு பாரை! கீழே ஒரு படத்தில் இரட்டைத் திமில் மலை, இரண்டு திமிலுக்கும் சரியாக நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. இன்னொரு படத்தில் செங்குத்தான மலைச்சுவர், அதில் ஒரு வெடிப்பு, வெடிப்புக்குள் டெலிபோன் டவர்.

“வெள்ளைப் புள்ளி தர்ஹா!” என்றார் ஜுலைகா. “அந்தக் குவிமாடத்தைப் பாத்திருக்கேன். இருபத்தஞ்சு கிலோமீட்டர் இருக்கும்.”

தீனா வயர்லெஸ்ஸில் காமிஸைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த அரபியையும் இந்தியையும் கலந்து விஷயத்தைச் சொன்னான். பதில் வந்தது. ரோந்துப் படகுகள் வெகுதூரம் வடக்கே போய்விட்டன, திரும்பி வர மூன்று மணி நேரம் ஆகும். ஆக, இப்போதைக்கு இந்த மூன்று பேர்தான்!

தெற்கே போகப் போக அலை பெருத்தது. படகு ஏறி ஏறி விழுந்தது. வெயில் முதுகில் அறைந்தது. தீனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து எட்டிப் பார்ப்பான், தண்ணீர் கேனை எண்ணுவான், மறுபடி எட்டிப் பார்ப்பான்.

“தம்பி, ஒண்ணு உக்காரு, இல்ல நில்லு” என்றார் ஜுலைகா. “நீ ஆடுற ஆட்டத்துல படகே கவுந்துரும்.”

“திமிலு!” என்று கத்தினார் எட்வின். “நான் மலையப் பாக்கேன். தீனா, நீ டவரப் பாரு. வெடிப்புக்குள்ள வந்ததும் சொல்லு!”

மலைச்சுவர் மெதுவாக நகர்ந்தது. டவர் வெடிப்புக்கு இடப்பக்கம் நின்றது. நெருங்கியது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

“வருது... வருது... உள்ள பூந்துச்சுண்ணே! இப்போ!”

எஞ்சின் நின்றது. மூவரும் நாலா பக்கமும் பார்த்தார்கள். கடல் வெறிச்சென்று கிடந்தது. படகு இல்லை, ஆள் இல்லை.

அப்போது பத்தடி தூரத்தில் தண்ணீர் கொதித்தது! பொடிமீன்கள் சிதறிப் பறந்தன. அவற்றுக்குப் பின்னால், அகன்ற கறுத்த முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தன. பத்து, இருபது, ஐம்பது! டார்வின் சொன்ன வாக்கியம் அப்படியே கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. கரும்பாரை மேல வருது. தீனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அங்க பாரு!” ஜுலைகா கையை நீட்டினார். மீன் கூட்டத்துக்கு அப்பால் ஒரு ஆரஞ்சு நிற கேன் மிதந்தது. அதன் கைப்பிடியில் நங்கூரக் கயிறு. எட்வின் அதை இழுத்து முடிச்சைத் தடவிப் பார்த்தார்.

“இது அறுந்ததில்ல. அவனா அவிழ்த்து விட்டிருக்கான். வியாழக்கிழமை பூரா நாம வருவோம்னு காத்திருந்திருக்கான். யாரும் வரல்ல. மத்தியானத்துக்கு மேல காத்து கரையப் பாத்து வீசும். அந்தக் காத்துல விட்டா கரையாவது சேரும்னு அவிழ்த்திருக்கான்.”

காத்திருந்திருக்கான் என்ற சொல் தீனாவைச் சுருக்கென்று குத்தியது. “போலாம்ண்ணே. சீக்கிரம் போலாம்” என்று மட்டும் சொன்னான்.

காற்று போயிருக்கும் வழியிலேயே அவர்களும் போனார்கள். ஆனால் அங்கே கரை என்று சொல்ல மணல் ஏது! மூன்று கிலோமீட்டருக்குச் செங்குத்தான சிவப்பு மலைச்சுவர் கடலில் இறங்கி நின்றது. அலை அதில் மோதி மோதி வெடித்தது. தீனா பைனாகுலரைக் கண்ணில் அழுத்திக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் தேடினான். உடைந்த பலகை ஒன்று. கவிழ்ந்த படகின் அடிப்பாகம். அதற்கு மேலே ஒரு திட்டு. திட்டில் ஒரு ஆரஞ்சு நிறச் சட்டை அசைந்தது.

“உசுரோட இருக்காரு! கையாட்டுறாரு! டார்வின் அண்ணே!”

எட்வின் எஞ்சினை முறுக்கினார். படகு நேராகச் சுவரைப் பார்த்துப் பாய்ந்தது.

“நிறுத்துங்க!” ஜுலைகா அவர் கையைப் பிடித்துவிட்டார். “முன்னால பாருங்க, முழுக்கப் பல்லு மாதிரி கல்லு! உள்ள போனா நாலு பேரும் அங்கதான்!”

“எனக்க தம்பியாக்கும் டாக்டரம்மா!”

“தெரியுது. அதனாலதான் சொல்றேன், நிறுத்துங்க!”

எட்வின் நிறுத்தினார். திட்டுக்கும் படகுக்கும் எழுபது மீட்டர் இருக்கும். பௌர்ணமி நாள், கடல் ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு அலை திட்டின் மேல் ஏறி டார்வினின் முழங்காலை நனைத்துவிட்டு இறங்கியது. நடுப்பகலுக்குள் அந்தத் திட்டே இருக்காது! ரோந்துப் படகு வர இன்னும் ஒன்றரை மணி நேரம்.

ஜுலைகா தன் பையைத் திறந்தார். கட்டைவிரல் கனத்துக்கு ஒரு தூண்டில் கோல், பெரிய ரீல், கையகல மரமீன். தண்ணீரில் துள்ளித் துள்ளிப் பாரையை ஏமாற்றும் மரமீன் அது. கட்டிங் பிளேயரை எடுத்து அதிலிருந்த முள்ளை எல்லாம் நறுக் நறுக்கென்று வெட்டி எறிந்தார்.

“பல்லைப் புடுங்கியாச்சு. இனி கடிக்காது” என்றார். கால்களை அகற்றி ஊன்றிக்கொண்டு, கோலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வீசினார்.

மரமீன் பறந்தது. பத்து மீட்டர் முன்னாலேயே விழுந்தது. சுருட்டினார். இரண்டாவது வீச்சைக் காற்று இடப்பக்கம் தள்ளிவிட்டது. அடுத்த அலை டார்வினின் இடுப்பைத் தொட்டது.

“பிஸ்மில்லாஹ்!” மூன்றாவது தடவை முழு உடம்பையும் கொடுத்து வீசினார். மரமீன் டார்வினைத் தாண்டி மலைச்சுவரில் டக்கென்று மோதி விழுந்தது. நூல் சரியாக அவன் தோள்மேல்!

டார்வின் அதைப் பற்றிக்கொண்டான். நூலின் இந்த முனையில் கயிற்றைக் கட்டிவிட்டார்கள். அவன் இழுத்தான், நின்றான், மூச்சு வாங்கினான், மறுபடி இழுத்தான். கயிறு திட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு கல் கொம்பில் அதை ஒரு சுற்றுச் சுற்றினான். அவ்வளவுதான் முடிந்தது. தன் காலைக் காட்டி முடியாது என்று தலையாட்டிவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டான்.

எட்வின் எஞ்சினை விட்டால் படகு கல்லில் ஏறும். ஜுலைகா கயிற்றை விட்டால் எல்லாம் போச்சு. மிச்சம் இருந்தது ஒரே ஆள். தீனா இரண்டு உயிர்க்கவசத்தை எடுத்தான். ஒன்றைப் போட்டுக்கொண்டான், மற்றதை முதுகில் கட்டினான்.

“நீந்துவியாடே?” என்றார் எட்வின்.

“பெரம்பூர் கார்ப்பரேஷன் நீச்சல் குளம்ணே. அகலத்துல இந்தாண்டை இருந்து அந்தாண்டை போயிருக்கேன்.”

“நீளத்துல?”

“நீளத்துல ஒருவாட்டி தூக்கினு வந்தாங்க” என்று சொல்லிவிட்டுக் குதித்தான்.

கயிறு உள்ளங்கையைத் தோலுரித்தது. அலை தூக்கியது, விழுங்கியது, துப்பியது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறி மண்டையைப் பிளந்தது. கல்லில் முழங்கால் கிழிந்தது. பயம் என்றால் அப்படியொரு பயம்! ஆனால் கயிற்றை விடவில்லை. பிடி, இழு, மூச்சு. பிடி, இழு, மூச்சு. கடைசியில் ஒரு அலை அவனைத் தூக்கித் திட்டில் அடித்தது.

டார்வினின் உதடு வெடித்துக் கிடந்தது. படகு உடைந்தபோது பாய்ந்த தூண்டில் முள் ஒன்று பாதத்தில் ஏறி நின்றது. தீனா இடுப்பிலிருந்த பாட்டிலைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினான்.

“ஏம்லே இவ்வளவு நேரம்?” டார்வினின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“நான் கல்லுன்னு நெனைச்சுட்டேண்ணே” என்று தேம்பினான் தீனா. “நீ மீன் சொன்னே. நான் கல்லுன்னு எழுதிட்டேன்.”

டார்வினுக்கு அது புரிந்ததோ இல்லையோ, அழ நேரமில்லை. அவனுக்குக் கவசத்தை மாட்டி, தன்னோடு சேர்த்துக் கட்டி, கொம்பிலிருந்த கயிற்றைத் தன் இடுப்பில் முடிந்தான் தீனா. “இழுங்க!” என்று கத்தினான். இருவரும் தண்ணீரில் விழுந்த மறுகணம், ஒரு பேரலை வந்து திட்டை முழுசாக மூடியது.

எட்வின் படகைப் பின்னுக்கு எடுக்க, ஜுலைகா பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தார். முதலில் ஒரு தலை, அப்புறம் இன்னொரு தலை. இரண்டு பேரையும் படகுக்குள் உருட்டிப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“நூத்தம்பது கிலோ!” என்று மூச்சு வாங்கினார். “நான் புடிச்சதிலேயே பெரிய மீன் இதுதான். அல்ஹம்துலில்லாஹ், இதைத் திருப்பிக் கடல்ல விட மாட்டேன்!”

எட்வின் தம்பியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். திட்ட ஆரம்பித்தவர், பாதியில் குரல் உடைந்து அழுதுவிட்டார்.

ஜுலைகா பிளேயரைக் கையில் எடுத்தார். “ஆ காட்டு” என்றார் பழக்கதோஷத்தில். “சே, காலைக் காட்டு.”

கரை சேரும்போது காமிஸும் ரோந்துக்காரர்களும் ஊர் ஜனமும் மணலில் திரண்டு நின்றார்கள். ஜீப்புகள் விடாமல் ஹாரன் அடித்தன. டார்வினைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தீனா காமிஸுக்கு முன்னால் போய் நின்று, தப்பு எங்கே நடந்தது என்று ஒளிக்காமல் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் காமிஸ் ஒரே ஒரு கட்டளை போட்டார். இனி வயர்லெஸ்ஸில் எதைக் கேட்டாலும் அதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்ட பிறகுதான் எழுத வேண்டும். புரிந்த மாதிரி இருந்தாலும் கேட்க வேண்டும். புரிந்த மாதிரி இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நாலு நாள் கழித்து டார்வின் எழுந்து உட்கார்ந்ததும் தீனா மெதுவாகச் சொன்னான்: “ஆனாலும்ணே, கடைசியில நீ இருந்தது பாறை மேலதான?”

பறந்து வந்த தலையணையிலிருந்து தப்பித்து ஓடினான்.

மூன்று வாரம் கழித்து டார்வின் புதுப் படகில் ஜுலைகாவை அழைத்துக்கொண்டு தெற்கே போனான். தீனா வயர்லெஸ் முன்னால், வழக்கம்போல உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நடந்துகொண்டிருந்தான். பத்து மணிக்கு எந்திரம் கொரகொரத்தது.

“லேய் தீனா! கரும்பாரைகிட்ட நிக்கோம்!”

தீனா பொத்தானை அழுத்தினான். “மீனா, கல்லா?”

எதிர்முனையில் ஜுலைகா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

“மீனுடே! மீனு!”

“மீன். சரிதானே?”

“சரியாக்கும்!”

தீனா நோட்டை எடுத்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு, சின்ன ‘ர’ போட்டு, கரும்பாரை என்று நிதானமாக எழுதினான். அப்புறமும் மனசு கேட்காமல் பக்கத்தில் ஒரு மீன் படமும் வரைந்து வைத்தான்.